1,500 டொலரும் 5,000 ரூபாவும்

வயசான காலத்துல இலங்கையில நிம்மதியா வாழ மாசம் எவ்வளவு வருமானம் வேணும்? இந்தக் கேள்விக்கு நம்ம அரசாங்கத்துக்கிட்ட ஏற்கெனவே ஒரு பதில் இருக்கு. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துல ‘மை ட்ரீம் ஹோம்’ என்று ஒரு வீசா திட்டம். 55 வயதைத் தாண்டிய வெளிநாட்டுக்காரர் இங்கே வந்து ஓய்வுகாலத்தைக் கழிக்கலாம். நிபந்தனை ரெண்டு: வங்கியில 15,000 டொலர் வைப்பில் போடணும், அதுக்கு மேல மாசாமாசம் 1,500 டொலர் வெளியிலிருந்து கொண்டுவரணும். மனைவியோ கணவனோ கூட வந்தா இன்னும் 750. டொலருக்கு 300 ரூபான்னு வச்சுக்கிட்டாலும் ஒரு ஆளுக்கு மாசம் நாலரை லட்சம்.

சரி, அது டொலர் வேணுங்கிறதுக்காகப் போட்ட கணக்கு, வாழ்க்கைச் செலவுக் கணக்கு இல்லன்னு சொல்வீங்க. ஒத்துக்கிறேன். ஆனா இதே அரசாங்கம் இன்னொரு கணக்கும் போட்டிருக்கு. குறைந்த வருமானக் குடும்பத்துல 70 வயசு தாண்டினவங்களுக்கு மாசம் 5,000 ரூபா முதியோர் கொடுப்பனவு. 2025 வரைக்கும் அது 3,000 ஆக இருந்தது. ஒரே மலை, ஒரே குளிர், ஒரே மழை. வெளியூர்த் தாத்தாவுக்குத் தேவையானதுல தொண்ணூறுல ஒரு பங்கு நம்ம அம்மாயிக்குப் போதும்னு ரெண்டு காகிதத்தையும் சேர்த்துப் படிச்சா அர்த்தமாகுது.

கொழும்பு நண்பர்கள்கிட்ட இதைச் சொன்னா உடனே ஒரு பதில் வரும்: “தோட்டத்து ஆட்களுக்கு ஈ.பி.எஃப் இருக்கு, ஈ.டி.எஃப் இருக்கு, சேவைக்காலப் பணம் இருக்கு, வீடு சும்மா. கிராமத்து விவசாயிக்கு இதெல்லாம் இல்லையே?” கம்பனிக்காரங்களும் இதைத்தான் சொல்றாங்க. நம்மள்ல படிச்சு உத்தியோகத்துக்குப் போன சிலபேரும் சொல்றாங்க. இந்தக் கட்டுரை அந்தப் பதிலோட சண்டை போடத்தான்.

முதல்ல காசைப் பார்ப்போம். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கம். தொழிலாளி சம்பளத்துல குறைஞ்சது 8 சதவீதம், தொழில் தருநர் 12 சதவீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3 சதவீதம், அது 1980 இலிருந்து. சேவைக்காலப் பணம் 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம்: அஞ்சு வருஷத்துக்கு மேல வேலை செஞ்ச நாட்சம்பளக்காரருக்கு, ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியா வாங்கின சம்பள வீதத்துல. கேட்க நல்லாத்தான் இருக்கு.

இப்ப 35 வருஷம் கொழுந்து எடுத்த ஒரு அம்மாவை எடுத்துக்குவோம். அவங்க 2025 இல பேர் வெட்டிக்கிட்டாங்கன்னா கடைசி நாட்சம்பளம் 1,350 ரூபா. 14 ஐ 1,350 ஆல பெருக்கி, 35 ஆல பெருக்குங்க: 6,61,500. அதே அம்மாவோட அக்கா, அவங்களும் 35 வருஷம்தான், ஆனா 2018 இல நின்னுட்டாங்க. அப்ப ‘730 ரூபா சம்பளம்’ன்னு மேடைக்கு மேடை பேசினாங்க, ஞாபகம் இருக்கா? அதுல அடிப்படைச் சம்பளம் 500 தான். மிச்சம் வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்கு 30. சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் அடிப்படைச் சம்பளத்தைத்தான் பார்க்கும். ஆக அக்காவுக்கு 2,45,000. ஒரே மலையில, ஒரே வெயில்ல, ஒரே 35 வருஷம். வித்தியாசம் நாலு லட்சத்துக்கு மேல.

அலவன்ஸ்னு பிரிச்சுக் கொடுக்கிற தந்திரம் எதுக்குன்னு இப்ப விளங்கும். கையில வர்ற காசு கூடின மாதிரி தெரியும், கிழவியான பிறகு வர்ற காசு கூடாது. 2026 வரவு செலவுத் திட்டத்துல அறிவிச்ச 1,750 ஐயும் இந்தக் கண்ணோட பாருங்க. 1,550 நாட்சம்பளம், 200 அரசாங்கம் கொடுக்கிற வருகை ஊக்குவிப்பு. அந்த 200 இன்னிக்கு அடுப்பெரிக்க உதவும், வேணாம்னு யாரும் சொல்லல. ஆனா வருகைக் கொடுப்பனவு சம்பளம் ஆகாது. ஓய்வுக் கணக்குல அது ஏறவும் ஏறாது.

சேமலாப நிதிக்கு வருவோம். அது மாசாமாசம் சேர்றது. ஆனா எப்பச் சேர்ந்த காசு அது? தொண்ணூறுகளின் ஆரம்பத்துல தோட்டத்து நாட்சம்பளம் நூறு ரூபாகூடக் கிடையாது. நூறு ரூபாயில இருபது சதவீதம் எவ்வளவுன்னு சொல்ல வேண்டியதில்ல. கிலோ குறைஞ்சா அரைப்பேர், மழைன்னா வேலை இல்ல, அந்த மாசத்துக்கு அதுலயும் பாதி. அப்படிச் சேர்ந்த காசு மேல 2022 இல விழுந்த அடி வேற. அந்த வருஷம் செப்டெம்பர்ல விலைவாசி ஏற்றம் 70 சதவீதத்தைத் தொட்டது. அந்த வருஷத்துக்கு நிதியம் அங்கத்தவருக்குக் கொடுத்த வட்டி 9 சதவீதம். அடுத்த வருஷம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புன்னு வந்தது. வங்கிகள் வச்சிருந்த திறைசேரி முறிகளை விட்டுட்டாங்க. சேமலாப நிதியத்தோட முறிகளைக் குறைஞ்ச வட்டிக்கு மாத்தச் சொன்னாங்க, முதல்ல 12 சதவீதம், பிறகு 9. மாத்தாட்டி 30 சதவீத வரின்னு மிரட்டல். நாடு வாங்கின கடனைக் கட்டுறதுக்கு முதல்ல கை வச்சது கிழவிங்க சுருக்குப் பையில. முறி வாங்கி வித்துப் பிழைக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகல. இதைப் பத்தி மலையகத்துல எத்தனை கூட்டம் நடந்துச்சு? எனக்குத் தெரிஞ்சு எங்க பக்கத்துல ஒண்ணும் நடக்கல.

சரி, தாராளமாவே வைப்போம். சேவைக்காலப் பணம், சேமலாபம், நம்பிக்கை நிதி எல்லாம் சேர்த்து அந்த அம்மா கையில 15 லட்சம். ஒரு சதம்கூடச் செலவு பண்ணாம வங்கியில போட்டாங்க. 8 சதவீத வட்டி. வருஷத்துக்கு 1,20,000, மாசத்துக்கு 10,000.

இப்பச் செலவு. அட்டன் பக்கத்துக் கடை விலையில நானும் நண்பர்களும் உட்கார்ந்து போட்ட கணக்கு இது, ஒரே ஒரு வயசான ஆளுக்கு, மகன் வீட்டோட ஒண்டி இருக்கிறவருக்கு. பத்துக் கிலோ நாட்டரிசி 2,300. மாவு, பருப்பு, கருவாடு, தேங்காய், எண்ணெய், மரக்கறி எல்லாம் இழுத்துப் பிடிச்சு 6,000. பால்மா ஒரு பக்கட் 1,100. தேத்தூள், சீனி 800 (தேயிலைத் தோட்டத்துல தேத்தூளைக் கடையில வாங்குறதைப் பத்தி இன்னொரு நாள் எழுதணும்). கரண்டும் அடுப்பும் அவங்க பங்குக்கு 1,500. மேல் டிவிஷன்லேர்ந்து கிளினிக்குக்கு ரெண்டு தடவை ஆட்டோ 1,500. ஆஸ்பத்திரி இலவசம்தான், ஆனா “இது இங்க இல்ல, வெளிய வாங்குங்க”ன்னு எழுதித் தர்ற மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் 2,000. சவுக்காரம், தைலம், வெத்தலை 1,500. கோயில் வரி, மரண ஆதாரச் சங்கம், மொய் 1,000. போன் ரீலோட் 300. கூட்டினா 18,000.

இதுல துணி இல்ல, கண்ணாடி இல்ல, பல் இல்ல, பேரப்பிள்ளைக்கு ஒரு இனிப்பு இல்ல. ஆடம்பரம்னு யாராவது சொன்னா, புள்ளிவிபரத் திணைக்களம் சொல்ற வறுமைக் கோட்டைப் பாருங்க: ஒரு ஆளுக்கு மாசம் 16,000 ரூபாவுக்கு மேல. எங்க கணக்கு அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேல நிக்குது, அவ்வளவுதான். வட்டியை மட்டும் வச்சு இந்த 18,000 ஐ எடுக்கணும்னா வங்கியில 27 லட்சம் கிடக்கணும். அதுவும் விலைவாசி ஒரு ரூபாகூட ஏறாத அதிசய நாட்டுல.

அந்த 15 லட்சமாவது முழுசாக் கிடக்குமா? நீங்க தோட்டத்துல வளர்ந்தவங்கன்னா சிரிப்பீங்க. ஈ.பி.எஃப் வர்ற அன்னைக்கு வீட்டுல ஏழு வழியில கை நீளும். அடகுல கிடக்கிற நகை. நுண்கடன் கம்பனி. கூரைத் தகரம். மகளோட கல்யாணக் கடன். மகன் ஆட்டோவுக்குக் கட்ட வேண்டிய முற்பணம், இல்லாட்டி வெளிநாட்டு ஏஜென்சிக்கு. அம்மாவைத் திட்ட வேண்டாம், மகனையும் திட்ட வேண்டாம். ஒரு குடும்பத்துக்கு வாழ்நாள்ல ஒரே ஒரு தடவை மொத்தமாக் காசு வருதுன்னா, அந்தக் குடும்பத்தோட வாழ்நாள் குறையெல்லாம் அன்னைக்குத்தான் கதவைத் தட்டும். “மொத்தமாக் கொடுத்தா அழிச்சிடுறாங்க”ன்னு நிர்வாகத்துப் பக்கம் ஒரு சலிப்புப் பேச்சு இருக்கு. சரி, அழிக்காத மாதிரி மாசாமாசம் கொடுங்களேன்! அரசாங்க உத்தியோகத்தருக்கு சாகிற வரைக்கும் ஓய்வூதியம் வருது, அதுக்குப் பிறகு துணைக்கும் வருது. விவசாயிகளுக்கு 1987 இலயும் மீனவர்களுக்கு 1990 இலயும் ஓய்வூதியச் சட்டம் போட்டாங்க. தொகை கேவலமா இருந்தாலும் பேருக்கு ஒரு திட்டம் இருக்கு. தேயிலைக்கு மட்டும் “உங்களுக்குத்தான் ஈ.பி.எஃப் இருக்கே”.

அந்த ஈ.பி.எஃப்பை எடுக்கிறதே தனிக் கதை. பிறப்புச் சான்றிதழ்ல ராமாயி, அடையாள அட்டையில ராமாய், செக்ரோல்ல ராமி. மூணும் ஒரே ஆள்னு நிரூபிக்க சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், தொழில் திணைக்களம். ஒவ்வொரு நடைக்கும் பஸ் காசு, ஆட்டோ காசு, அரை நாள். எழுதினவர் யாரு? பெரும்பாலும் தமிழ் சரியாத் தெரியாத, இல்லாட்டி தெரிஞ்சும் அக்கறைப்படாத ஒரு கிளாக்கர். 1948 இல குடியுரிமையைப் பறிச்சு, 1964 இல ரெண்டு நாடு சேர்ந்து நம்மளைப் பங்கு போட்டு, 1988 உம் 2003 உம் ஆகித்தான் கடைசி ஆட்களுக்குக் காகிதம் கிடைச்சது. பேர் ஒழுங்கா இல்லாததுக்கு அந்த வரலாறுதான் காரணம், அதுக்கான பஸ் காசை மட்டும் கிழவி கொடுக்கணும்.

அரசாங்கத் தோட்டங்கள்னா இன்னும் மோசம். ஜனவசம, பெருந்தோட்ட யாக்கம், எல்கடுவ ஆகிய மூணும் ஆட்களோட சம்பளத்துல வெட்டின சேமலாபக் காசையே வருஷக் கணக்கா நிதியத்துக்குக் கட்டாம இழுத்தடிச்சது பாராளுமன்றம் வரைக்கும் பேசப்பட்ட விஷயம். சேவைக்காலப் பணத்தை வேலை விட்டு 30 நாளுக்குள்ள கொடுக்கணும், தாமதிச்சா மேலதிகத் தண்டப்பணம் சேர்த்துக் கொடுக்கணும்னு சட்டம் சொல்லுது. தண்டப்பணம் வாங்கின ஒரு ஆளை உங்களுக்குத் தெரியுமா?

அடுத்தது ‘சும்மா வீடு’. இதுலதான் எனக்குக் கோபம் அதிகம்.

கோயம்புத்தூரைச் சுத்தி வயசானவங்களுக்குன்னே கட்டின குடியிருப்புகள் நிறைய இருக்கு. வெளிநாட்டுல பிள்ளைகள் இருக்கிற அப்பா அம்மாக்கள் வீட்டை வாங்கி, மாசம் பராமரிப்புக்கும் சாப்பாட்டுக்கும் கட்டுறாங்க. அங்க எதை விக்கிறாங்க? படி இல்லாத வாசல், கழிவறையில பிடிச்சு எழும்பக் கம்பி, கூப்பிட்டா வர்ற நர்ஸ், சமைச்ச சாப்பாடு, பேச்சுத் துணைக்கு வயசொத்த ஆட்கள். இதுல கடைசி ஒண்ணு மட்டும் நம்மகிட்டயும் இருக்கு. ஒரு நாள் காலையில பதினொரு மணிக்கு உங்க டிவிஷனுக்குப் போய்ப் பாருங்க. மலைக்குப் போனவங்க மலையில. வாலிபப் பிள்ளைங்க வெள்ளவத்தைக் கடையிலயும் கட்டுநாயக்க கார்மெண்ட்ஸ்லயும் டுபாய்லயும். லயத்து இஸ்தோப்புல உட்கார்ந்திருக்கிறது யாரு? கிழவனும் கிழவியும் பேரப்பிள்ளையும். பெயர்ப் பலகைதான் இல்ல, மலையகத்துல பாதி டிவிஷன் இப்ப முதியோர் குடியிருப்புதான். பாசி பிடிச்ச கல்லுப்படி எண்பது இறங்கித்தான் ரோட்டுக்கு வரணும். கழிவறை வெளிய, ராத்திரி மழையில. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுல மூணு தலைமுறை. இதுக்குப் பேர் ‘கூட்டு வாழ்க்கை’ன்னு ஒரு ஆய்வுக் கட்டுரையில அழகா எழுதியிருந்தாங்க. எழுதினவருக்கு ஒரு வாரம் அந்த இஸ்தோப்பைக் கொடுத்துப் பார்க்கணும்.

பழைய துரைமார் பங்களாக்களுக்கு இந்தப் பிரச்சினை இல்ல. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்குல சில பங்களாக்கள் 2005 லிருந்து உல்லாச விடுதி. ஒரு ராத்திரிக்கு அங்க ஆகுற செலவுல நம்ம அம்மாயி மாசக்கணக்கா சாப்பிடலாம். தோட்டத்துல பழைய கட்டடத்தைத் திருத்தி ஆள் தங்க வைக்கத் தெரியாம இல்லைங்கிறதுக்கு இது சாட்சி.

‘சும்மா’ங்கிற வார்த்தைக்கு வருவோம். அந்தக் காம்பரா அவங்களுடையது இல்ல. நிலம் அரசாங்கத்தோடது, 1992 லிருந்து 53 வருஷக் குத்தகையில கம்பனி கையில. பேர் வெட்டின பிறகும் அங்கே இருக்கணும்னா வீட்டுல ஒருத்தராவது தோட்டத்துல பேர் போட்டிருக்கணுங்கிற நெருக்கடி எழுதப்படாத சட்டமா இருக்கு. அதனால என்ன ஆகுது? ஏ.எல் படிச்ச மருமகள் கூடை தூக்குறா, மாமியார் படுக்குற இடம் போகக் கூடாதுன்னு. ஓய்வு பெற்ற ஆள் தன்னோட ஓய்வுக்கான வாடகையை அடுத்த தலைமுறையோட உழைப்புல கட்டுறாங்க. இது சும்மாவா? ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் கொடுக்கிற திட்டங்கள் வந்திருக்கு, இந்திய வீடுகள் வந்திருக்கு, நல்லது. ஆனா வயசானவங்க பேர்ல எத்தனை உறுதி எழுதியிருக்கு? வீடு மகன் பேருக்குப் போகுது, அம்மா மறுபடியும் விருந்தாளி.

“பிள்ளைகள் பார்க்கணும்” என்பது அடுத்த வாதம். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டமும் பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடக் கூடாதுன்னுதான் சொல்லுது. அதுல எனக்கு ஆட்சேபனை இல்ல. ஆனா 2019 கணக்குப்படி நாட்டுல வறுமை 14.3 சதவீதம், தோட்டப் பகுதியில 33.8. மூணுல ஒரு ஆள் வறுமையில கிடக்கிற இடத்துல ‘பிள்ளை பார்க்கணும்’ன்னா, ஒரு வறுமையை இன்னொரு வறுமை தோள்ல ஏத்தணும்னு அர்த்தம். பார்க்காத பிள்ளையைவிட, பார்க்க முடியாத பிள்ளைதான் எங்க பக்கம் அதிகம்.

அதனாலதான் பேர் வெட்டினவங்க மறுநாளே கைக்காசு வேலைக்குப் போறாங்க. அதே மலை, அதே கூடை, கிலோவுக்கு இவ்வளவுன்னு காசு. ஈ.பி.எஃப் கிடையாது. 2021 இல ஆகக் குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கிச் சட்டம் வந்தது. மேசை வேலைக்காரருக்கு அது வரம். முழங்கால் தேஞ்சு போய் இருபது கிலோ கொழுந்தோட சரிவுல இறங்குற பொம்பளைக்கு? முந்தியே நிக்கலாம், யாரும் தடுக்கல. ஆனா முதியோர் கொடுப்பனவு 70 க்குத்தான். நடுவுல இருக்கிற அந்தப் பத்துப் பதினஞ்சு வருஷத்துக்குக் கைக்காசுதான் ஓய்வூதியம்.

தொழிற்சங்கங்கள் எங்கே? ஆயிரம் ரூபாவுக்காக வருஷக்கணக்காச் சண்டை போட்டோம், 2021 இல கிடைச்சது. அப்புறம் 1,700. இப்ப 1,750. நாட்சம்பளம் முக்கியம்தான், மேல போட்ட கணக்கே அதுக்குச் சாட்சி. ஆனா சந்தா வெட்டுறது செக்ரோல்லேர்ந்து. பேர் வெட்டின அன்னைக்கே அந்த அம்மா சந்தாப் பட்டியல்லேர்ந்தும் போயிடுறாங்க. சந்தா இல்லாத ஆளுக்காக எந்தத் தலைவரும் வேலைநிறுத்தம் அறிவிச்சதில்ல. வாக்குக்கு மட்டும் ஆள் தூக்கிக்கிட்டுப் போக வேன் வரும்.

நம்ம வயசுக்காரங்க “இதெல்லாம் அம்மாமார் காலத்தோட முடிஞ்சது, நாங்கதான் தோட்டத்துக்குப் போகலையே”ன்னு நினைக்கலாம். ரெண்டு விஷயம் சொல்றேன். தனியார்மயமான நேரம் மூணு லட்சத்துக்கு மேல இருந்த தோட்டத் தொழிலாளர்ல இன்னிக்குப் பாதிகூட இல்ல. மிச்சமுள்ளவங்களுக்குக் கம்பனிகள் வைக்கிற யோசனை, தேயிலைச் செடியைக் குடும்பத்துக்குப் பிரிச்சுக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ கணக்குல வாங்குறது. 2021 இல கூட்டு ஒப்பந்தத்துலேர்ந்து விலகின பிறகு இந்தப் பேச்சு இன்னும் சத்தமாக் கேட்குது. ‘நீங்களே முதலாளி’ன்னு சொல்லுவாங்க. முதலாளிக்கு ஈ.பி.எஃப் கிடையாது, சேவைக்காலப் பணமும் கிடையாது. இருக்கிற பிச்சைக் கணக்கும் அத்தோட முடிஞ்சது. இரண்டாவது, கொழும்புக் கடையிலயும் டிலிவரி பைக்லயும் இருக்கிற நம்மள்ல எத்தனை பேருக்கு ஈ.பி.எஃப் கட்டுறாங்க?

என்ன கேட்கணும்னா, ஒண்ணும் சந்திர மண்டலத்தைக் கேட்கல. நாட்சம்பளம்னு எதைச் சொல்றீங்களோ அது முழுசும் ஓய்வுக் கணக்குல ஏறணும், அலவன்ஸ் விளையாட்டு வேண்டாம். உடல் உழைப்புக்காரருக்கு முதியோர் கொடுப்பனவு 60 லேயே தொடங்கணும், அது வறுமைக் கோட்டுக்குப் பக்கத்துலயாவது நிக்கணும். காணி உறுதியில வேலை செஞ்சு ஓய்ந்த பொம்பளையோட பேரும் இருக்கணும். ஏற்றுமதியாகிற தேயிலையில ஒரு சிறு பங்கைப் பிடிச்சு மாச ஓய்வூதியம் ஒண்ணு ஆரம்பிக்க முடியாதுன்னு சொல்றவங்க, முடியாதுங்கிற கணக்கைக் காட்டட்டும். நாங்க 18,000 க்குக் கணக்குக் காட்டிட்டோம்.

அதுவரைக்கும், இந்தத் தீபாவளிக்கு வீட்டுக்குப் போறவங்க அம்மாகிட்ட பி கார்ட்டை எடுத்துத் தரச் சொல்லுங்க. பெட்டிக்கு அடியில, சாமிப்படத்துக்குப் பின்னால, எங்கயாவது இருக்கும். அதுல இருக்கிற பேரையும் அடையாள அட்டைப் பேரையும் எழுத்தெழுத்தா ஒத்துப் பாருங்க. அங்கத்தவர் இலக்கம் ஒண்ணா ரெண்டான்னு பாருங்க. பிழை இருந்தா, அவங்க இன்னும் மலைக்குப் போற காலத்துலேயே தொழில் திணைக்களத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. பேர் வெட்டின பிறகு போனா தோட்டத்து ஆபிஸ்ல அந்தப் பழைய செக்ரோலைத் தேடி எடுத்துக் கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது.